அக்கா எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்

என் அக்காவுக்குக் கொள்ளிக்கண் என்று முதலில் சொன்னவர் இந்த மலரை இப்போது கையில் வைத்திருக்கிறார். அவர் எங்கள் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன், அக்காவுக்குத் தம்பி. பெயர் போடவில்லை. உறவுமுறை போதும். சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முதலாண்டு நினைவு மலரில் இப்படியெல்லாம் போடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். மாமாவும் கேட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். "மரியாதையா நாலு வார்த்த எழுது மாப்ள. போனவளுக்குச் சண்ட எதுக்கு?" என்றார். அக்கா இருந்தபோது நாங்கள் எல்லோரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். அதில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன்.

அக்கா நாமகிரிப்பேட்டைக்கு அருகில் எங்கள் காட்டு வீட்டில் பிறந்தார். அப்பாவுக்கு மரவள்ளியும் மஞ்சளும் வெள்ளாமை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அதனால் அக்காவின் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. நான் பத்து வயது இளையவன். என்னைக் குளிப்பாட்டியது, சோறூட்டியது, பொய் சொன்னால் முதுகில் வைத்தது எல்லாம் அக்காதான். பத்தொன்பது வயதில் தம்மம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமா லாரி ஓட்டுநர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள் கழித்துத்தான் வருவார். குழந்தை இல்லை. அதை வைத்து இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

தனியாகக் கிடக்க வேண்டாம் என்று அப்பா எங்கள் காட்டிலேயே கொஞ்சம் இடம் கொடுத்தார். இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டார்கள். எதிரில் பெரியப்பா வீடு. அக்கா இரண்டு மாடு வைத்திருந்தார். சொசைட்டிக்குப் பால் ஊற்றுவார். நான் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். என் மனைவி நூல்மில்லுக்குப் போவாள். எங்கள் மகளை வளர்த்தது அக்கா. மகள் முதலில் சொன்ன வார்த்தை 'அத்த'.

ஏழு வருடம் முன்பு அக்கா கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தட்டிவிடுவார். ஒருநாள் கன்றுக்குட்டி மேலேயே விழுந்தார். "கண்ண எங்க வெச்சுட்டு நடக்கற?" என்று நான் சத்தம் போட்டேன். பிறகு பைக்கில் உட்காரவைத்து சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு பரிசோதனை. கிண்ணம் போன்ற ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து நேரே பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அக்கா பொத்தானைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"ஏனுங்க, இன்னும் வெளக்குப் போடலீங்களா?"

பரிசோதனை செய்த பெண் என்னைப் பார்த்தார். "போட்டுட்டுத்தாம்மா இருக்கு" என்றார்.

கண் அழுத்த நோய் என்று மருத்துவர் சொன்னார். ஓரங்களில் பார்வை போய்விட்டது. நடுவில் மட்டும் ஒரு வட்டம் இருக்கிறது. போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். இது ரத்த சம்பந்தத்தில் வரும், கூடப் பிறந்தவர்களும் பங்காளிகளும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். இதை இரண்டு முறை சொன்னார். பரிசோதனை செய்த பெண் வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்வை இருக்கறப்பவே வீட்டுச் சாமானை எல்லாம் கைக்குப் பழக்கிக்குங்கம்மா" என்றார்.

திரும்பும் வழியில் அக்கா பைக்கை நிறுத்தச் சொன்னார். ஒரு இளநீர்க்கடை. குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இத யாருகிட்டயும் சொல்லப்படாது."

"மாமாகிட்ட?"

"அவரு மனசுல இத வெச்சுட்டு ஸ்டேரிங் புடிக்கோணுமா? வேண்டாம்."

"பங்காளிகளச் சோதிக்கச் சொன்னாரல்லக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். உம்புள்ளைக்கு மாப்ள பாக்கோணும். எதுத்த ஊட்டுல அவம்புள்ள அடுத்து நிக்கறா. கண்ணு நோவு இருக்கற குடும்பமுன்னு தெரிஞ்சா எவன் படியேறுவான்? ரெண்டு புள்ளைகளுக்கும் ஆகட்டும். அப்பறம் நானே சொல்றேன்."

நான் சரி என்றேன். என் மகளை நினைத்துச் சரி என்றேன். அது என் முதல் தப்பு.

அன்றிலிருந்து சொட்டு மருந்து சீரக டப்பாவில் இருந்தது. அக்கா ஒரு பழக்கம் ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒரு பொருள். பால் ஊற்றிவிட்டு வந்ததும் சமையலறைப் பின்வாசலில் வெயில் விழும் இடத்தில் அதை வைத்துக்கொண்டு உட்காருவார். முதலில் கண்ணால் மட்டும், கை மடியில் இருக்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையால். பிறகு காதால், மூக்கால். ஒரு ஈடு இட்லி வேகும் நேரம். கரண்டி, பூட்டு, சீப்பு, தேங்காய், செருப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது முன்னால் ஒரு எவர்சில்வர் சொம்பு.

"என்னக்கா, சொம்பு பேசுதா?"

"பேசுது. உன்னாட்டம் வாயடிக்காம பேசுது. உக்காரு. என்ன தெரியுது?"

"சொம்பு."

"அப்பறம்?"

"நல்ல கனமான தகடு. கழுத்துல பத்த வெச்சது சுத்தமா இருக்குது."

"பட்டறப் பேச்சு இங்க வேண்டாம். சொம்புன்னு பேரு சொன்ன ஒடனே பாக்கறத நிறுத்திப்புட்ட. பேரே தெரியாதவனாட்டம் சித்த நேரம் பாரு."

அவருக்காகப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் பட்டறையில் விட்டுவந்த வேலைதான் மனதில் ஓடியது. பிறகு சொம்பின் வயிற்றில் பின்வாசல் தெரிந்தது. விரல் உயரத்துக்குச் சுருங்கிய வாசல். அதில் மாடு ஒரு கோடு. அக்கா குனிந்து மூச்சு விட்டார். வாசல் மறைந்தது. ஓரத்திலிருந்து மெதுவாகத் திரும்பி வந்தது. பிறகு துணியால் சொம்பைச் சுத்தமாகத் துடைத்துச் சாய்த்து வைத்தார். "இரு" என்றார். கொஞ்ச நேரத்தில் வாய் விளிம்பின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வந்து நின்றது. இருபது வருடமாகத் தகடு மடிக்கிறேன். அந்த மடிப்புக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கண்ணை மூடிக்கொண்டு குடத்திலிருந்து அதில் தண்ணீர் ஊற்றினார். முதலில் தடித்த சத்தம். ஏற ஏற மெலிந்தது. விளிம்புக்குக் கீழே சரியாக நிறுத்தினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு என் விரலைப் பிடித்துச் சொம்பின் கழுத்தில் வைத்தார். சீர் கொடுத்தவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். இடமிருந்து வலமாகத் தடவினால் வழுக்கியது. வலமிருந்து இடமாகத் தடவினால் ஒவ்வொரு புள்ளியும் நகத்தில் தட்டியது.

"பெரியப்பா பேரு" என்றார் அக்கா. "இனி வெளிச்சம் போனாலும் இத யாரு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

இதைத்தான், சொந்தபந்தங்களே, நீங்கள் வெறிக்கிறாள் என்று சொன்னீர்கள். வீட்டில் பழகியது வெளியிலும் வந்தது. ஆட்டுக்குட்டியை நின்று பார்ப்பார். உங்கள் முகங்களைப் பார்ப்பார். ஓரப் பார்வை இல்லாததால் நேராகத்தான் பார்க்க முடியும். அடுத்த கோடையில் பார்க்க முடியுமா என்று அவருக்குத் தெரியாது.

அண்ணன் தோட்டத்தில் போர்வெல் போட்ட நாளைச் சொல்கிறேன். ரிக் வண்டி காலையிலிருந்து ஓடியது. அக்கா எல்லோருக்கும் மோர் கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுக் குழியின் பக்கத்திலேயே நின்றார். வெளியே வந்த புழுதியைக் கையில் அள்ளித் தேய்த்தார். முகர்ந்தார். அரைமணி நேரம் நகரவில்லை.

"அக்கா, அக்கட்டால போங்க. நீங்க வந்து நின்னதுல இருந்து வெறும் புழுதியா வருது" என்றார் அண்ணன்.

"புழுதி சுடுது கண்ணு. கையில ஒட்டவே மாட்டேங்குது. மொதல்ல வந்ததும் இதும் ஒண்ணாத்தான் இருக்குது. இதுல தண்ணி வராது. நிறுத்திப்புடு."

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலை வரை ஓட்டினார்கள். தண்ணீர் வரவில்லை. கையில் தேய்த்துப் பார்த்துச் சொன்ன ஒரே ஆள் அக்கா. மறுநாள் டீக்கடையில் அண்ணன் சொன்னது: "கொள்ளிக்கண்ணுக்காரி வாயத் தொறந்து சொன்னா, ஊத்து அடஞ்சு போச்சு." நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனேன்.

அந்த வாரம் அண்ணன் வீட்டு முகப்பில் ஒரு திருஷ்டி பொம்மை ஏறியது. அக்காவின் வாசலைப் பார்த்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அக்கா என்னைக் கேட்டார், "எதுத்தாப்பல செவப்பா என்னடா அது?" நான், "ஏதோ விளம்பர போர்டு அக்கா" என்றேன். அக்கா அடுத்த வாரப் பொருளாக அதையே எடுத்துக்கொண்டார். ஏழு நாள் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"விளம்பரம் நல்லாத்தாண்டா இருக்குது. இடது கொம்பு வெடிச்சிருக்குது. ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ. பெயிண்ட் அடிச்சவனுக்கு என்ன அவசரமோ. மழைக்கு நாக்குச் சாயம் போயிரும். அவனச் சொல்லி வார்னிசு அடிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பைக்கை நிறுத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வரிசையாக நடந்தது. காதுகுத்துக்கு அழைப்பிதழ் வந்தது, கூடவே "பந்தியப்ப வந்தாப் போதும்" என்ற சொல்லும் வந்தது. பால் கறக்கும் நேரத்தில் அக்கா தெருவில் போனால் மாட்டை மறைத்துக்கொண்டு நின்றீர்கள். நாங்கள் வாய்விட்டு ஏதாவது சொன்னோமா என்று கேட்காதீர்கள். அக்காவுக்கு நடுவட்டம் தெரிந்தது. நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நான் ஆம்பளை இல்லை. என் மகளுக்குத் திருமணமாகி முதல் குழந்தை பிறந்தது. தொட்டில் போட்ட நாளில் வீடு நிறைய உறம்பரைச் சொந்தங்கள். அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு, மிளகளவு தங்கக் குண்டு கோத்த அரைஞாண் கயிற்றோடு வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே வந்து, "தூங்குதுக்கா" என்றேன். அப்போது குழந்தை அழுதுகொண்டிருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"செரி சாமி, தூங்கட்டும்" என்றார் அக்கா. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். காது அவருக்கு எவ்வளவு கூர்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். என் மகள் அன்று என்னிடம் பேசவில்லை.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப எங்கள் வண்டித்தடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. அக்கா சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக வேண்டும். தடத்தில் வந்தால் எதிரில் வந்துவிட்டாள் என்பீர்கள். அதனால் வாய்க்கால் ஓரமாகப் பின்பக்கம் போனார். அங்கே சொட்டுநீர்க் குழாய் போட முந்தின நாள் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அது அவருடைய இடது பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் அவருக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஆடு மேய்க்கும் அம்மா பார்த்துச் சத்தம் போட்டபோது வெயில் ஏறிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, கொட்டிய பாலில் கிடந்தார். சேலத்தில் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நான் கேட்டேன், "கூப்பிடு தூரத்துல அத்தன சனம் நின்னுச்சே, ஏனக்கா கூப்புடல?"

"ஆரத்தி எடுத்துட்டு இருந்தாங்கடா. வண்டியெல்லாம் கெளம்பட்டும்னு இருந்தேன். எட்டு காரு. எண்ணிட்டே இருந்தேன். கடைசி வண்டில ஆரன் செரியில்ல."

ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு நாள். நெஞ்சில் சளி கட்டியது. பார்வை அதற்குள் அநேகமாகப் போய்விட்டது. என் கையைப் பிடித்துத் தடவி ஒவ்வொரு தழும்பாக நிறுத்தி, "இது எப்பச் சுட்டுது?" என்று கேட்டார். சிலதற்கு எனக்கே பதில் தெரியவில்லை. என் மகள் யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வார்டுக்குள் விடவில்லை. அக்காவைச் சக்கர நாற்காலியில் வராந்தாவுக்குக் கொண்டுவந்தோம். குழந்தையை மடியில் வைத்தாள் மகள். அக்கா நெற்றியிலிருந்து தொடங்கினார். புருவம், மூக்கு, உதட்டுக்கு மேல் பள்ளம். குழந்தை அவர் விரலைச் சப்பியது. காது மடலுக்கு வந்ததும் நின்றார்.

"மேல ஒரு மடிப்பு இருக்குது. உங்கப்பனுக்கும் இருக்குது அம்மணி. எதுத்த ஊட்டுப் பெரியப்பனுக்கும் இருக்குது. பாத்திருக்கறயா?"

மகள் இல்லை என்றாள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அவம்புள்ளைக்குக் கல்யாணத் தேதி வெச்சாச்சா?"

"வெச்சாச்சுக்கா."

"தாலி ஏறட்டும். அப்பறம் எல்லாத்துகிட்டயும் சொல்லிப்புடு. எல்லாரும் கண்ணக் காட்டிக்கோணும். சின்னதுகள மொதல்ல கூட்டிட்டுப் போ."

அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள் விடியற்காலை அக்கா போய்விட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல்கள் கடைசிவரை என் உள்ளங்கையில் அசைந்துகொண்டிருந்தன. எதைத் தேடின என்று எனக்குத் தெரியாது.

திருமணம் முடிந்தது. நான் முதலில் மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். பிறகு சீரக டப்பாவைத் திறந்து பார்த்தார். பாதி மருந்து இருந்தது. "நான் ஊட்டுல இருந்தப்பவெல்லாம் கண்ணுல தூசின்னு சொல்லி முந்தானைல தொடச்சாளே" என்றார். நான் அஸ்தம்பட்டிக்குப் போய்ச் சோதித்தேன். வெல்டிங்கால் என்று நினைத்திருந்த எரிச்சலைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் இருந்ததில்லை. அழுத்தம் அதிகம் என்றார்கள். இப்போது இரவு ஒரு சொட்டுப் போடுகிறேன். எனக்கு ஓரம் இன்னும் போகவில்லை. அக்கா வாயைத் திறந்ததால் எனக்குப் பார்வை இருக்கிறது. என் மகளும் சோதித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் எழுதுங்கப்பா, என்னைய நெனச்சு எதையும் மறைக்காதீங்க" என்று சொன்னவள் அவள்தான்.

அண்ணன் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, "செத்தவங்களப் பத்தி எதுக்குப் பேசிட்டு" என்றார். இரண்டாம் முறை, "அந்த நோவு உங்க பக்கம். எங்க பக்கம் இல்ல" என்றார். வாசல்படியில் நின்றுகொண்டு சொன்னார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பள்ளத்தில் இறங்கி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை வெயிலுக்கு முந்தானை பிடித்த ஆடு மேய்க்கும் அம்மாவுக்கு நன்றி. உங்கள் பெயர்கூட எங்களுக்கு அதுவரை தெரியாது. சக்கர நாற்காலியை யாருக்கும் தெரியாமல் வராந்தாவுக்குத் தள்ளிவந்த ஆஸ்பத்திரி ஆயாவுக்கு நன்றி. அக்காவின் மாடுகளை இன்றுவரை கறந்து ஊற்றும் என் மனைவிக்கு நன்றி. எதிர் வீட்டு அண்ணிக்கும் நன்றி. முப்பத்தாறு நாளில் எட்டு நாள் ரசம் வைத்துத் தூக்குப்போசியில் பின்வாசல் வழியாகக் கொடுத்து அனுப்பினீர்கள். அக்கா ஒரு வாய் வைத்ததும், "இது அவ கைப்பக்குவம்" என்றார். மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவரிடமிருந்து ஆறு வருடம் மறைத்தவன் நான்.

திதிக்கு ஒரு வாரம் முன்பே இந்த மலரை வீடு வீடாக நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். படிக்க நேரம் இருக்கட்டும் என்றுதான். எங்கள் ரத்தத்தில் வந்த ஒவ்வொருவரும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கூட வர ஆள் இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், பைக்கில் கூட்டிப்போகிறேன்.

அண்ணா, திதியன்று சாமி கும்பிட்டு முடித்ததும், இலை போடுவதற்கு முன் நான் எழுந்து நிற்பேன். மாமா இருப்பார். உங்கள் மகளும் மாப்பிள்ளையும் இருப்பார்கள். கொள்ளிக்கண் என்று நீங்கள் சொன்னது டீக்கடையில், நாலு பேர் கேட்க. பதிலையும் வாசல்படியில் நின்று சொல்ல வேண்டாம். பந்தலுக்கு நடுவில் வந்து எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். பார்வை போய்க்கொண்டிருந்த என் அக்காவின் கண் உங்களுடைய எதைக் கெடுத்தது?